கண் சிமிட்டாத அப்பாவும் ஓடிபி அண்ணனும்

கோலார் தங்க வயலில் யாருக்கு என்ன நோய் என்று சொல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த நோயாளி அவரேதான் என்று கம்ப்யூட்டரை நம்பவைக்க எங்கள் ஊரில் ஒரே ஆள்தான். ஓடிபி அண்ணன். அவர் மட்டும் இல்லையென்றால் ஆண்டர்சன்பேட்டையில் பாதிப் பேருக்கு ஆபரேஷனே நடந்திருக்காது. மீதிப் பேருக்குப் பக்கத்து வீட்டுக்காரருடைய ஆபரேஷன் நடந்திருக்கும்.

பஜாரில், பேக்கரிக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில், இரண்டு பேர் ஒரே நேரத்தில் தும்ம முடியாத அளவுக்கு ஒரு கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், விரல் வைக்கிற ஒரு சின்னப் பெட்டி. அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுத்துக் கொடுப்பதுதான் அண்ணனுடைய தொழில். அந்த அட்டை கையில் இருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் பணம் கட்டாமல் ஆபரேஷன் செய்துகொள்ளலாம். அட்டை வேண்டுமென்றால் போனுக்கு ஒரு ரகசிய எண் வரவேண்டும். “ஓடிபி வந்துச்சா?” என்று அவர் கடைக்குள்ளிருந்து கத்தினால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்கள்கூடப் போனை எடுத்துப் பார்ப்பார்கள். பெயர் அப்படி வந்ததுதான். ஒரு முறை சர்ச்சில் கல்யாணம் நடந்துகொண்டிருந்தபோது யாருடைய போனோ ‘டிங்’ என்றது. பாதிரியார் மூச்சு வாங்கிய இடைவெளியில் கடைசி பெஞ்சிலிருந்து, “ஓடிபியா பாரு!” என்று குரல் வந்தது. மணப்பெண் சிரித்த சிரிப்பில் மோதிரம் கீழே விழுந்து, அதைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

கம்ப்யூட்டர் பாஷையை அவர் பேசவே மாட்டார். எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் ஒருவராவது சுரங்கத்துக்குள் ஆளை இறக்கி ஏற்றும் கேஜில் போய் வந்தவர். அதனால் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்ததும் வரிசையைப் பார்த்து அறிவிப்பார்.

“கேஜ் எறங்குது... எறங்குது... அய்ய, நடுவுல நின்னுகிச்சிபா! யாரும் பயப்படாதீங்க. போயி டீ குட்ச்சிட்டு வாங்க.”

போட்டோ எடுக்கிற விஷயத்தில் ஸ்டூடியோக்காரர்கள் அவரிடம் பிச்சை வாங்க வேண்டும். சீப்பு, பவுடர், கண்ணாடி எல்லாம் தயாராக இருக்கும். இடுப்பு வலியோடு வந்த ஒரு அம்மாவை எட்டுத் தடவை சிரிக்க வைத்தார்.

“இன்னாத்துக்குமா மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற? பெரிய டாக்டரு மொதல்ல இந்தப் போட்டோவதான் பாப்பாரு. பாத்தவொடனே ‘இந்தம்மா பொழைச்சிக்கும்’னு அவருக்குத் தோண வேணாமா?”

நான் பெங்களூரில், அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்குப் பில் போடும் மென்பொருள் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறேன். காலை ரயிலில் போய், சாயங்கால ரயிலில் தொங்கிக்கொண்டு திரும்புகிறவன். இதை எந்த நேரத்தில் அண்ணனிடம் சொன்னேனோ, உலகத்தில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டருக்கும் நான்தான் பொறுப்பு என்று முடிவு செய்துவிட்டார்.

“இன்னா தம்பி, உங்க சர்வர் மறுபடியும் படுத்துகிச்சே?”

“அண்ணா, அது எங்களுது இல்ல. நாங்க அமெரிக்காவுக்குப் பண்றோம்.”

“அமெரிக்காவுக்கே பண்றவன் ஆண்டர்சன்பேட்டைக்குப் பண்ணக் கூடாதா?”

வரிசை மொத்தமும் திரும்பி என்னை முறைக்கும். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் பேக்கரிக்குச் சுற்று வழியில் போக ஆரம்பித்தேன்.

ஆனால் ஒரு நாள் நேர் வழியில் போக வேண்டி வந்தது. அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு. பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்துவிட்டார்கள். அட்டையோடு வந்து சேரவேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்றார்கள். ஆபரேஷன் செலவு கையிலிருந்து கட்டும் தொகை இல்லை. வீட்டை விற்கலாம் என்றால், நந்திதுர்க்கில் நாங்கள் இருக்கும் வீடு பழைய சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸ், எங்கள் பெயரில் இல்லை. அப்பாவிடம் அட்டை இல்லை. “எனக்கு இன்னா நோயா வரப்போவுது?” என்று இத்தனை காலமும் தள்ளிப்போட்டிருந்தார்.

அப்பாவைக் கண்டதும் அண்ணன் தன் நாற்காலியையே கொடுத்தார். முதலில் விரல். அப்பா சுரங்கத்தில் பாறையைத் துளைத்து வெடி வைத்தவர். அவர் விரலை வைத்தால் பெட்டி ஒன்றுமே வைக்காதது போல இருந்தது. அண்ணன் வெந்நீரில் கழுவினார், தேங்காய் எண்ணெய் தடவினார், எலுமிச்சம்பழம் தேய்த்தார். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அப்படி யாரும் நலங்கு வைத்திருக்க மாட்டார்கள்.

“இன்னா மாமா, கையில ரேகையே காணோம்? எல்லாத்தையும் சுரங்கத்துலயே வுட்டுட்டு வந்துட்டியா?”

“கம்பெனி கேட்டுச்சி. குட்த்துட்டேன்” என்றார் அப்பா.

அடுத்தது போன். ஆதாரில் பதிவாகியிருந்தது அப்பா எப்போதோ விட்டுவிட்ட எண். அது இப்போது வட கர்நாடகத்தில் ஒரு வெங்காய வியாபாரியிடம் இருந்தது. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுக் கன்னடத்தில் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததுமே, “கள்ளா! போன் இடு!” என்று அந்தப் பக்கம் வெடித்தது. இவரைத் திருடன் என்கிறார் என்று வரிசைக்குப் புரிந்தது. அண்ணன் அசரவில்லை. மறுபடி கூப்பிட்டு, அப்பாவின் வயது, வியாதி, அம்மாவின் கவலை எல்லாவற்றையும் சொன்னார். மெல்ல மெல்ல மனிதர் இளகினார். எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார். அப்பாவுக்காக வேண்டிக்கொள்வதாகச் சொன்னார். ஓடிபியை மட்டும் கொடுக்கவில்லை.

“கெட்டிக்காரன்பா. குடுக்கக் கூடாதுதான்” என்று அண்ணனே பாராட்டிவிட்டுப் போனை வைத்தார்.

மிச்சம் இருந்தது முகம். கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டினால் உயிருள்ள ஆள்தான் என்று கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளும். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அப்பா சிமிட்டவில்லை.

கேமராவைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணைப் பெரிதாக விழித்து, கல்லில் செதுக்கியது போல ஆகிவிட்டார். “சிமிட்டு மாமா” என்றால் தலையை ஆட்டுகிறார், இமை ஆடவில்லை. அண்ணன் முகத்துக்கு நேரே கை தட்டினார். பேக்கரியிலிருந்து காகிதப் பை வாங்கி ஊதி உடைத்தார். வரிசையில் நின்ற ஒரு கைக்குழந்தை வீறிட்டது. பிரிண்டர் அதிர்ச்சியில் ஒரு வெற்றுத் தாளைத் துப்பியது. அப்பா அசையவில்லை.

“டைனமைட்டுக்கே சிமிட்டாதவன்டா நானு” என்றார், உதடு மட்டும் அசைய.

திரை அணைந்து அணைந்து வந்தது. நாளைக்குள் முடியாவிட்டால் ஆபரேஷன் தேதி போய்விடும். எனக்கு அழுகை வந்தது. அண்ணன் அப்பாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார்.

“மாமா, இன்னா விஷயம்? எங்கிட்ட சொல்லு.”

அப்பா கொஞ்சம் தயங்கினார். “கல்யாணப் போட்டோவுல கண்ண மூடிட்டேன்பா. ஒரே போட்டோ அது. அன்னிலேர்ந்து அவ சொல்லிக் காட்டிகினே கீறா. கேமரான்னா எனக்குக் கண்ணு மூடவே மாட்டேங்குது.”

அண்ணன் எழுந்தார். என் பக்கம் திரும்பி, “தம்பி, அத்தைய இட்டுகினு வா. ஓடு” என்றார்.

அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். அண்ணன் அவளைக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் நிறுத்தி, விஷயத்தைக் காதில் சொன்னார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவைப் பார்த்ததும் அது நின்றது.

“இன்னாய்யா, இப்டி மொறைச்சிகினு ஒக்காந்துகினு கீற? மூடுய்யா கண்ண. இனிமே அந்தப் போட்டோவப் பத்திப் பேச மாட்டேன்.”

“சத்தியமா?”

“கர்த்தர் மேல, முருகர் மேல, ரெண்டு பேரு மேலயும் சத்தியம்.”

அப்பா ஒற்றைக் கண்ணை மட்டும் மூடி அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தார். வரிசை ஓவென்று கத்தியது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“மாமா, ரெண்டு கண்ணு! ரெண்டு கண்ணு! காதல அப்பால வெச்சிக்கோ!” என்று அண்ணன் குதித்தார்.

சிரித்த சிரிப்பில் அப்பாவின் இரண்டு கண்களும் தானாக மூடித் திறந்தன. திரையில் பச்சை நிறம் வந்தது. அன்றைக்குக் கடையில் யாரென்று பார்க்காமல் எல்லாரும் எல்லார் கையையும் பிடித்துக் குலுக்கினார்கள். பேக்கரிக்காரர் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் ஒரு தட்டு அனுப்பினார். அப்பாவுக்கு மட்டும் கூடாது என்று அண்ணனே அவர் பங்கையும் சாப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நாளன்று காலை ரயிலுக்குப் போனால், பிளாட்பாரத்தில் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு நிற்கிறார். கடையை மூடிவிட்டு வந்திருந்தார். ஏன் அண்ணா என்று கேட்டதற்கு, “அங்க ஒரு வாட்டி கேஜ் நின்னுட்டா நீ இன்னா பண்ணுவ? உனக்கு அமெரிக்காதான தெரியும்” என்றார். வழி முழுக்க அப்பாவுக்கு ஜன்னல் சீட்டைக் காவல் காத்தார்.

ஆஸ்பத்திரி வரவேற்பில் ஒரு பெண் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே, கூட இருக்கப்போகிறவர்கள் யார் என்று கேட்டாள். என்னை மகன் என்று பதிந்தாள். பிறகு அண்ணனைப் பார்த்து, “சார், நீங்க பேஷண்டுக்கு என்ன உறவு?” என்றாள்.

ஊரையே யாரென்று நிரூபித்த மனிதர் வாயைத் திறந்து, மூடி, சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். நான் ஏதோ சொல்ல வந்தேன். அதற்குள் சக்கர நாற்காலியிலிருந்து அப்பா சொல்லிவிட்டார்.

“இவன் பெரிய புள்ளமா. அவன் சின்னவன்.”

அப்பா இப்போது காலையில் மார்க்கெட் வரை நடந்துபோய் வருகிறார். அந்த ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் எனக்கு இன்னமும் ஓர் அண்ணன் இருக்கிறார். மருந்து வாங்கப் போகும்போதெல்லாம் திரையில் பார்க்கிறேன். திருத்தச் சொல்லி நான் கேட்டதில்லை.