மாப்பிள்ளை வறுத்த மேக்னெட்டோ

சாவு வீட்டில் மாப்பிள்ளைக்கென்று தனியாக ஒரு வேலையும் கிடையாது. மகனுக்குக் கடமை இருக்கிறது, தம்பிக்குப் பொறுப்பு இருக்கிறது. மாப்பிள்ளை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும். அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதவன் நான்.

என் மாமனார் சாலை போடும் கான்ட்ராக்டர். வித்துரா என்ற ஊருக்கு மேலே மலைச்சரிவில் வீடு. அவரிடம் பழைய டீசல் கிரேடர் ஒன்று இருந்தது. நீளமான உடம்புக்கு நடுவே குறுக்காகப் பிளேடு தொங்கும், மண்ணைச் சீவிச் சாலையைச் சமன்படுத்தும் வண்டி. சாவியைத் திருப்பினால் கிளம்புகிற ஜாதி இல்லை. டீசல் என்ஜினுக்குப் பக்கத்தில் பெட்ரோலில் ஓடும் சின்ன என்ஜின் ஒன்று உண்டு. கயிறு சுற்றி இழுத்து முதலில் அதைக் கிளப்ப வேண்டும். அது ஓடித்தான் பெரியதைச் சுற்றிவிட்டு எழுப்பும். வீட்டில் அதற்குப் பெயர் 'குட்டி'. குட்டியின்மேல் கைவைக்க மாமனார் யாரையும் விட்டதில்லை. (என்னையும்தான். கல்யாணமான புதிதில், "நான் மெக்கானிக்கல் படிச்சவன், மாமா" என்றேன். கழக்கூட்டம் என்ற ஊரில், கம்ப்யூட்டர் கம்பெனியில் நான் பார்க்கும் வேலையை நினைத்தோ என்னவோ, "கம்ப்யூட்டருக்கு மெக்கானிக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.)

கொஞ்ச காலம் படுக்கையில் கிடந்து, அடைமழையில் அவர் போனார். அடக்கத்துக்குக் குறித்த நாள் காலையில், வீட்டிலிருந்து பெரிய சாலைக்கு இறங்கும் வழியில் மண் சரிந்தது. கரண்டும் போனது. மண்வாரும் வண்டிகளெல்லாம் இதைவிடப் பெரிய சரிவுகளுக்குப் போயிருந்தன. சவப்பெட்டி வந்த வண்டி கீழேயே நின்றுவிட, சர்ச்சிலிருந்து வந்த நால்வர் பெட்டியைச் சுமந்துகொண்டு சேற்றில் ஏறி வந்தார்கள். பாதி வழியில் ஒருவர் வழுக்கினார். மற்றவர்களும் வழுக்கினார்கள். வெறும் பெட்டி சேற்றில் குப்புறக் கவிழ்ந்தது.

வாசலில் நின்று மாமியார் அதைப் பார்த்தார். அதுவரை அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அப்போதும் விடவில்லை.

"போறப்ப அவியளக் கீழ போட்டுராதீங்க," என்று மட்டும் சொன்னார்.

மாமனாரின் தம்பி ராஜன் சித்தப்பா முற்றத்தில் நின்ற கிரேடரைக் கைகாட்டினார். "வண்டி நிக்குல்லா. பெருச நான் ஓட்டிருவேன். இந்தக் குட்டியாக்கும் எனக்குப் பிடிபடாதது."

நான் எழுந்தேன். என் மனைவி ஷைனி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா இரியுங்க, கேட்டியளா?"

கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைவிட எதையாவது கழற்றுவது எனக்கு நல்லதாகப் பட்டது. நானும் அவரை இழந்தவன்தான். அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஸ்கூட்டரிலிருந்து பெட்ரோல் எடுத்தேன். (குழாயில் உறிஞ்சியபோது பாதி எனக்குள் போனது.) கார்புரேட்டரைக் கழற்றி ஊதினேன். பிளக்கைத் தேய்த்தேன். வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியும் போட்டுக்கொண்டு இதையெல்லாம் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கயிற்றைச் சுற்றி இழுத்தால் குட்டி தும்மக்கூட இல்லை. பொறியே வரவில்லை. பொறியைத் தருவது மேக்னெட்டோ என்று ஒரு சாதனம், இளநீர் அளவு இருக்கும். மழைக்காலம் முழுவதும் ஈரம் குடித்து ஊறிப்போயிருந்தது. காயவைக்க வேண்டும். வெயில் இல்லை, கரண்ட் இல்லை. அது இருந்த நிலையை ஷைனியின் கண்மைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, கழற்றி எடுத்து, நேராக அடுக்களைக்குப் போனேன்.

அடக்கம் முடியும்வரை சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து கஞ்சியும் பால் விடாத கட்டன் காப்பியும் வரும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் கையில் மேக்னெட்டோ இருக்கும்போது மனிதனுக்கு வேறு எதுவும் நினைவுக்கு வருவதில்லை. கேஸைப் பற்றவைத்து, தோசைக்கல்லை ஏற்றி, அதன்மேல் மேக்னெட்டோவை வைத்து, சிறு தீயில் தோசைத் திருப்பியால் பக்குவமாகப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

உள்ளே இருக்கும் கம்பிச்சுற்றுக்குப் பழைய அரக்குப் பூச்சு. அது சூடானபோது ஒரு வாசம் எழுந்தது. அசல் கருவாட்டு வாசம்.

மாமனாரின் தங்கை பெரியத்தை கதவைத் திறந்தார். முதலில் அடுப்பைப் பார்த்தார், பிறகு திருப்பியைப் பார்த்தார், அதன் பிறகு என்னை.

"பசிச்சா சொல்லப்பிடாதா மோனே?" குரல் உடைந்திருந்தது. "அடுத்த வீட்டுல கஞ்சி இருக்குல்லா. எனக்க அண்ணன் கூடத்துல கெடக்கையில..."

"அத்தே, இது மேக்னெட்டோ."

"என்ன மீனா இருந்தா என்ன மக்களே!"

பின்கதவை விறகு அடைத்திருந்தது. கூடத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். சூடு பொறுக்காததால் தட்டில் வைத்து, தூசு படாமல் இருக்கத் துணியால் மூடி, மாமனாரின் தலைமாட்டைக் கடந்து நடந்தேன். பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள் மூக்கைச் சுருக்கிப் பாட்டை நிறுத்தினார்கள். ஒருவர் எழுந்து வழிவிட்டார். ஷைனி கண்களை இறுக மூடிக்கொண்டாள். அது ஜெபத்துக்கு அல்ல.

மாட்டியதும் பொறி வருகிறதா என்று விரலை வைத்துப் பார்த்தேன். வந்தது. "கர்த்தாவே!" என்று அலறினேன். உள்ளேயிருந்து பல குரல்கள் உருக்கமாக, "ஆமென்" என்றன.

கயிற்றை மறுபடி சுற்றினேன். இழுத்தேன், இழுத்தேன், தோள் கழன்றுவிடும்போல இழுத்தேன். சரியாகப் போதகர், "ஜெபிப்போம்" என்று சொல்லி எல்லோரும் தலைகுனிந்த நொடியில், குட்டி உயிர்பெற்றது.

அதற்குச் சைலன்சர் கிடையாது. கூரைத் தகடு அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. போதகர் குரலை உயர்த்தினார். குட்டி அதைவிட உயர்த்தியது. நான் பதறி அணைக்கும் பொத்தானை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. பொத்தானிலிருந்து மேக்னெட்டோவுக்குப் போகும் ஒயரை மாட்ட மறந்திருந்தேன். அது என் சட்டைப் பையில் இருந்தது. பெட்ரோல் குழாயை மூடக் கையை நீட்டினேன்.

"அணைக்காத ஓய்!" என்று சித்தப்பா ஓடிவந்தார். "நின்னா பின்ன இது கிளம்பாது!"

"ஜெபம் நடக்கு, சித்தப்பா!"

என் கை குழாயிலேயே இருந்தது. உள்ளே ஒரு மனிதருக்காகச் செய்யும் கடைசி ஜெபம். வெளியே அவரைக் கீழே விழாமல் கொண்டுபோக இருக்கும் ஒரே வழி. எதைக் கெடுப்பது என்று தெரியாமல் நின்றேன். அழுகை வந்தது. (பெட்ரோல் புகை என்று பிறகு சொல்லிக்கொண்டேன்.)

மாமியார் வாசலுக்கு வந்துவிட்டார். பின்னால் கூட்டம் முழுவதும். குட்டியை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சிரித்தார். சத்தமாக, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கெட்டிட்டு வந்த நாள் முதல் இதான்," என்றார், இரைச்சலுக்கு மேலே கத்தி. "நான் ஜெபத்துக்கு முட்டு போடணும், அவிய இத ஸ்டார்ட் பண்ணணும். ஒரு ஞாயிறு விட்டதில்ல. இண்ணைக்காவது சும்மா கெடப்பாருன்னு நெனச்சேனே!"

சிரிப்பு அங்கேயே உடைந்தது. அப்படியே படியில் உட்கார்ந்து, அத்தனை நாளும் அழாத அழுகையை அழுதார். ஷைனி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நான் குழாயிலிருந்து கையை எடுத்தேன்.

போதகர் மீதி ஜெபத்தைக் கத்தியே முடித்தார். சித்தப்பா நெம்புகோலைத் தள்ள, குட்டி முக்கி முனகிப் பெரிய என்ஜினைச் சுற்ற, டீசல் எழுந்து, முதல் மூச்சிலேயே போதகரின் வெள்ளை அங்கியில் கரியை அப்பியது. அவர் துடைக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. சித்தப்பா சேற்றை ஓரம் தள்ளிக்கொண்டே இறங்கினார். சீவிய வழியில் மாமனாரைத் தூக்கிக்கொண்டு நாங்கள் பின்னால் நடந்தோம். ஒரு இடத்தில்கூடக் கால் வழுக்கவில்லை.

இப்போது அந்தக் குடும்பத்தில் கல்யாணமோ சாவோ எதுவானாலும், அடுக்களை வாசலில் ஒருவரைக் காவல் வைக்கிறார்கள். பந்தியில் கருவாடு வந்தால் முதல் துண்டு எனக்குத்தான். "இது வெந்ததாக்கும், பயப்படாம தின்னு மக்களே," என்று பெரியத்தை பரிமாறுகிறார். அவர் இன்றுவரை மேக்னெட்டோவை ஒரு மீன் என்றே நம்புகிறார்.

வருஷா வருஷம் நினைவு ஜெபத்துக்கு எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்ததும், மாமியார் தலையை மூடிக்கொண்டு என் பக்கம் திரும்புவார். நான் எழுந்து வெளியே போய்க் கயிற்றை இழுப்பேன். கூரை அதிரத் தொடங்கிய பிறகுதான் அவர் முழங்கால் போடுவார்.

அணைக்கும் பொத்தானின் அந்த ஒயர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. போன வருஷம், "மாட்டிரட்டா அத்தே?" என்று கேட்டேன்.

"வேண்டாம்," என்றார். "அவியள யாரு நிப்பாட்ட முடிஞ்சு?"