மூன்றாவது மணி அடித்தும் எரியாத விளக்கு

துவாரகா, புது தில்லி
மார்ச் 24

பாளையங்கோட்டையின் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும், என் அக்கா இளவரசியின் கணவரும், இந்த உலகத்தில் நான் பயப்படுகிற ஒரே மனிதருமான அத்தான் சந்திரசேகர் அவர்கள் சமுகத்துக்கு மைத்துனன் வாசுதேவன் எழுதிக்கொண்டது. இங்கே நான், என் சம்சாரம் சுந்தரவல்லி, சுந்தரவல்லியின் முழங்கால் வலி மூவரும் நலம். அங்கே தாங்களும் அக்காவும் நலமாகவும், தங்கள் ரத்தக் கொதிப்பு கட்டுக்குள்ளும் இருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையில் அது அப்படியே இருக்கப் பார்த்துக்கொள்ளவும்.

"போன்ல நீ அளப்பே, எழுத்துல குடு" என்று போன வாரம் உத்தரவிட்டீர்கள். இதோ, எழுத்தில். இதில் வருவதை ஒரு ஜீவனும் நம்பாது என்று முன்கூட்டியே சத்தியம் செய்து கொடுக்கிறேன். நம்புகிறவர் யாராவது பாளையங்கோட்டையில் அகப்பட்டால் நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டவும்.

விஷயம் தாங்கள் அறிந்ததுதான். இருந்தாலும் முன்கதை எழுதாமல் எந்த ஃபைலும் மேலே போகாது; முப்பத்தாறு வருஷ மத்திய சர்க்கார் பழக்கம், கை கேட்க மாட்டேன் என்கிறது. தங்கள் மகள் மதுமதி தில்லியில் நாடகங்களுக்கும் நடனங்களுக்கும் மேடை விளக்கு அமைக்கிறாள். சம்பளம் கிடையாது, முதலாளி கிடையாது, கூப்பிடுகிற இடத்தில் வேலை, கொடுக்கிற அன்றைக்குப் பணம். "ஒண்ணாம் தேதி சம்பளம் வராதது ஒரு வேலையா?" என்று கேட்டுத் தாங்கள் போன மார்ச்சில் ஒரு நிபந்தனை போட்டீர்கள்: ஒரு வருஷம் வீட்டிலிருந்து ஒரு பைசா வாங்காமல், கடன் படாமல், முனீர்க்காவில் அவள் குடியிருக்கிற மொட்டைமாடி அறைக்குப் பன்னிரண்டு மாச வாடகையையும் தானே கட்டிக் காட்ட வேண்டும். தவறினால் தாங்கள் பேசி வைத்திருக்கும் கூட்டுறவு வங்கியில் இந்த ஏப்ரல் ஒண்ணாம் தேதி கணக்கர் நாற்காலியில் வந்து உட்கார வேண்டும். அவளும் ஒப்புக்கொண்டாள். நடுவராக என்னைப் போட்டீர்கள். அங்கேதான் தாங்கள் தவறினீர்கள் அத்தான். சும்மா இருக்கிற ரிட்டையர்டு செக்‌ஷன் ஆபீசருக்கு ஒரு பதவி கொடுத்தால் அவன் அதோடு நிற்பானா? மறுநாளே அவளுக்கு மேனேஜராக என்னை நானே நியமனம் செய்துகொண்டு, சுந்தரவல்லியின் பழைய பட்டுப்புடவை அட்டைப்பெட்டியில் ஆபீஸ் திறந்துவிட்டேன்.

முதல் வேலையாக மதுமதிக்கு ஒரு சர்வீஸ் புத்தகம் போட்டேன். வருஷத்துக்கு எட்டு நாள் கேஷுவல் லீவு, முப்பது நாள் ஈட்டிய விடுப்பு, ஜூலையில் இன்க்ரிமென்ட் எல்லாம் எழுதி அவள் கையெழுத்துக்கு நீட்டினேன். பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மாமா, லீவுன்னா எனக்குப் பணம் வராத நாளு. அது வருஷத்துல பாதி இருக்கு. நீங்க எட்டுன்னு எழுதியிருக்கியளே, அந்த எட்டை மட்டும் வாங்கிக் குடுங்க, உங்க கால்ல விழுதேன்." அதிலிருந்து சர்வீஸ் புத்தகத்தில் சுந்தரவல்லி பால் கணக்கு எழுதுகிறாள்.

அவள் சொன்னதற்கு அர்த்தம் மே மாதத்தில் விளங்கியது. தில்லியில் கலை என்பது அக்டோபரில் முளைத்து மார்ச்சில் கருகுகிற பயிர். மே, ஜூனில் ஒருத்தனும் நிகழ்ச்சி வைக்க மாட்டான். போன ஜூனில் அடித்த வெயிலில் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீரில் சுந்தரவல்லி குக்கர் இல்லாமலே சோறு வடித்தாள். நிழல்கூட ஆளை விட்டுவிட்டு ஏசி இருக்கிற வங்கிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று நான் கைகளைப் பிசைந்தால், அவள் நிதானமாக ஒரு பாஸ்புக்கைக் காட்டுகிறாள். எந்த நிகழ்ச்சியில் எவ்வளவு வந்தாலும், பெட்ரோல் போடுவதற்கு முன்னால், ஒரு சாயா குடிப்பதற்கு முன்னால், மூன்றில் ஒரு பங்கை அதில் போட்டுவிடுவாளாம், வெயில் காலத்துக்கென்று. "பசிச்சா கூடவா எடுக்க மாட்டே?" என்றேன். "பசிக்கதுக்குத்தானே மாமா போட்டு வச்சிருக்கு. ஆனா மே வந்தாத்தான் அந்தப் பசி" என்றாள். இந்த நாட்டின் நிதி மந்திரிகள் பதினேழு பேர் அந்தப் பாஸ்புக்கைப் பார்க்க முனீர்க்கா மாடிப்படியில் வரிசையில் நின்றார்கள். மாடி வீட்டுக்காரம்மா செருப்பை வெளியே விடச் சொன்னதால் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள்.

அக்டோபர் பிறந்தது, வேலையும் பிறந்தது. ஒரு நாடகத்தில் அவள் மேடையில் ஒரு நிலாவைப் போட்டாள் பாருங்கள் அத்தான், அன்றைக்கு கர்வா சௌத். இங்குள்ள பெண்கள் புருஷனுக்காக நாள் முழுக்கப் பட்டினி கிடந்து நிலாவைப் பார்த்த பிறகுதான் வாயில் தண்ணீர் விடுவார்கள். முன்வரிசையில் ஏழு பெண்கள் மேடை நிலாவைப் பார்த்தே விரதத்தை முடித்துவிட்டார்கள். நவம்பரில் புகை மூட்டம். தெருவில் ஆளுக்கு ஆள் முகம் தெரியாமல், தில்லிக்காரர்கள் தத்தம் மனைவியைச் சரிபார்த்துக்கொள்ள மதுமதி விளக்குப் போடுகிற அரங்குக்குத்தான் வந்தார்கள். ஒருவர் மூன்று நாளாக வேறு யாருடனோ காய்கறி வாங்கிக்கொண்டிருந்தது அங்கேதான் தெரிந்தது. நாடகத்துக்குக் காசு குறைவு என்பதால் மாதம் இரண்டு தடவை கம்பெனி விழாக்களுக்கும் போவாள். ஒரு டிராக்டர் அறிமுக விழாவில் அவள் போட்ட வெளிச்சத்தில் டிராக்டரே வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தது. தாங்கள் அவளை எலக்ட்ரீஷியன் என்று சொல்லிச் சமையலறை ட்யூப்லைட்டை மாட்டச் சொன்னதை இந்த இடத்தில் நான் குத்திக்காட்டவில்லை, ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால் மேனேஜர் எதற்கு? பிப்ரவரியில் குருகிராம் கலாசாரச் சங்கம் ஒன்றிலிருந்து அழைப்பு. மார்ச் விழாவுக்கு விளக்கு அமைக்க என்ன கேட்கிறீர்கள் என்று. மதுமதி ஜெய்ப்பூரில் வேலையாக இருந்தாள். போனில் சொன்னாள்: "மாமா, ஒரே ஒரு மெயில். இருபத்துநாலு லட்சம், பாதி முன்பணம், மீதி அன்னைக்கு மூணாவது மணி அடிச்சுத் திரை தொறக்கதுக்கு முந்தி. அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை சேக்காதிய." ஒரு வார்த்தை சேர்க்காமல் எழுதுவதற்கா சர்க்கார் எனக்கு முப்பத்தாறு வருஷம் சம்பளம் கொடுத்தது? கொள்முதல் பிரிவிலேயே தலை நரைத்தவன் நான். எந்த டெண்டரிலும், வேலை கேட்கிறவன் முன்வைப்புத் தொகை கட்டினால்தான் அவன் உறையையே பிரிப்போம். ஆகவே ஃபுல்ஸ்கேப் தாளில் நாலு பக்கம் எழுதி, "பணி திருப்திகரமாக முடிந்து தொண்ணூறு நாட்களுக்குள் தொகை வழங்கினால் போதும்" என்று வழக்கமான ஷரத்தும் சேர்த்து, சேமநிதியைக் கரைத்து இரண்டு லட்சத்துக்கு டிமாண்ட் டிராஃப்ட் எடுத்து உள்ளே வைத்து, சிவப்பு அரக்கு காய்ச்சி முத்திரை குத்தி நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சங்கத்துச் செயலாளர் மல்ஹோத்ரா உறையைப் பிரித்தார். டிராஃப்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி டிராஃப்டைப் பார்த்தார். "பாயி சாகிப், இருபது வருஷமா விழா நடத்துறேன். காசு கேட்ட கலைஞர் உண்டு, கேட்டு அழுத கலைஞர் உண்டு. எனக்குக் காசு கொடுத்த கலைஞர் நீங்கதான்" என்று கட்டிக்கொண்டு அழுதார். அந்தக் கண்ணீரில் குருகிராமில் இரண்டு அண்டர்பாஸ் மூழ்கின.

மதுமதி ஜெய்ப்பூரிலிருந்து வந்து நகலைப் படித்தாள். கத்தவில்லை அத்தான், கத்தியிருந்தால் தேவலை. "மாமா, நாம அவங்களுக்குக் காசு குடுத்து வேலைக்குப் போறோமா? அதுவும் மூணு மாசம் கழிச்சுத்தான் சம்பளமா? ஏப்ரல் ஒண்ணாம் தேதி அப்பா கேக்கும்போது இந்தத் தாளைத்தான் காட்டணுமா?" என்றாள். சுந்தரவல்லி வேறு, "இந்த மனுசன் கல்யாணத்தன்னைக்கும் எங்கப்பாகிட்ட ரசீது கேட்டவரு" என்று எரிகிற அடுப்பில் நெய்யை விட்டாள். மதுமதி அப்போதே மல்ஹோத்ராவைக் கூப்பிட்டாள். இனிமேல் மாமாவிடம் இல்லை, தன்னிடம்தான் பேச வேண்டும், பாதிப் பணம் இன்று, மீதியும் மாமாவின் டெபாசிட்டும் நிகழ்ச்சி நாளில் மூன்றாவது மணிக்கு முன்பு, சம்மதம் இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றாள். அவர் "அச்சா பேட்டா, சரி மகளே" என்று பாதியை அனுப்பிவிட்டார். இந்த மீதி வந்தால்தான் அவளுக்கு மார்ச் மாச வாடகை. வராவிட்டால் வெயில் காலப் பணத்தில் கை வைக்க வேண்டும், அல்லது கடன். கடன் பட்டால் தங்கள் நிபந்தனைப்படி அதோடு தில்லி முடிந்தது.

போன சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு விழா. பத்தாயிரம் பேர், பதினாலு நாட்டுத் தூதர்கள், வாசலில் அலங்கரித்த ஒட்டகம். விளக்குகளை இயக்கும் மேஜை அரங்கின் கடைசி வரிசைக்குப் பின்னால். அங்கே மதுமதி, பக்கத்தில் மேனேஜர் நான். முதல் மணி அடித்தது. பணம் வரவில்லை. இரண்டாவது மணி. மல்ஹோத்ரா வந்தார், சட்டைப்பையிலிருந்து என் ஃபுல்ஸ்கேப் தாளை எடுத்து விரித்தார். "பேட்டா, உங்க மாமாவே எழுதிக் கொடுத்திருக்கார். தொண்ணூறு நாள். ஜூன்ல வாங்கிக்கோ." நான் ஜூனை நினைத்தேன். மதுமதி அவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மூன்றாவது மணி அடித்தது. திரை விலகியது. மேடையில் இருட்டு.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். கைதட்டினார்கள், விசிலடித்தார்கள். அந்தக் காத்திருப்பில் ஒரு தூதரின் பதவிக்காலமே முடிந்து அவர் ஊருக்குப் போய், புதுத் தூதர் வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் நான் சிங்கம்போல எழுந்தேன். "மதுமதி, சுவிட்சில் கையை வைக்காதே! மல்ஹோத்ரா சாகிப், பணம் வராமல் இங்கே ஒரு பல்பும் எரியாது, இது மேனேஜரின் ஆணை!" என்று கர்ஜித்தேன். யமுனை ஒரு அடி பின்வாங்கியது. மல்ஹோத்ரா என் காலில் விழுந்து, போனை எடுத்து, மீதி பன்னிரண்டு லட்சத்தையும் என் டெபாசிட் இரண்டு லட்சத்தையும் அங்கேயே அனுப்பினார். மதுமதியின் போன் டிங் என்றது. மேடையில் வெளிச்சம் மெல்ல ஏறியது. நான் தில்லியில் பார்த்த எந்த விடியலும் அதற்கு ஈடில்லை.

ஆகவே நடுவர் என்ற முறையிலும் மேனேஜர் என்ற முறையிலும் தீர்ப்பளிக்கிறேன்: நிபந்தனை நிறைவேறியது. என் நிர்வாகத் திறமையால் இந்தப் பெண் இனி அந்தக் கூட்டுறவு வங்கியையே விலைக்கு வாங்கலாம். பன்னிரண்டு வாடகை ரசீதுகளும் இத்துடன் இணைப்பு. அக்காவுக்கு என் நமஸ்காரம். அவள் அனுப்பிய வடகத்தை சுந்தரவல்லி எனக்குத் தெரியாமல் எண்ணி வைத்திருக்கிறாள். தங்கள் கைத்தடிக்கும் வணக்கம். அது ஊன்றுவதற்கு மட்டும் பயன்பட வேண்டுமென்று எல்லாத் தெய்வங்களையும் பிரார்த்திக்கும்

தங்கள் பணிவுள்ள மைத்துனன்
வாசுதேவன்

பி.கு.: ஒட்டுறதுக்குள்ள மதுமதி வந்து படிச்சுட்டா. "மாமா, இதை அனுப்பினா அப்பா அடுத்த ரயில்ல வந்து என்னைக் கையோட கூட்டிட்டுப் போயிருவாவ"ன்னு சிவப்புப் பேனாவைக் கையில குடுத்துட்டா. மேனேஜர் வேலையிலிருந்தும் என்னை எடுத்துட்டா. ரெண்டாவது ரிட்டையர்மென்ட், இந்தத் தடவை பென்ஷன் கிடையாது. அதனால திருத்தம் எழுதுதேன். லட்சம்னு எழுதின இடத்துல எல்லாம் ஆயிரம்னு படிக்கவும். மந்திரி, தூதர், ஒட்டகம் ஒண்ணும் கிடையாது. அரங்கத்துல எண்பது பிளாஸ்டிக் நாற்காலி, அதுல பாதிப் பேரு சமோசாவுக்கு வந்தவங்க. மேடை நிலாவைப் பாத்து எவளும் விரதத்தை முடிக்கல. ஜூன்ல அவ எங்க வீட்டுல பதினோரு நாளு சாப்பிட்டா. அதையும் எழுதணும்னு அவளே நிக்கா. வருஷம் பூரா வந்தது மூணு லட்சத்து எண்பதாயிரம், இது மட்டும் லட்சம்தான்.

நான் கர்ஜிக்கவும் இல்ல அத்தான். அந்தப் பத்து நிமிஷமும் அவ முழங்கையைப் பிடிச்சுக்கிட்டு, "விளக்கைப் போட்டுருட்டீ, எல்லாரும் திரும்பிப் பாக்காவ, மானம் போகுது, பன்னிரண்டாயிரத்தை நான் தாரேன்"னு கெஞ்சினேன். "நீங்க தந்தா அது கடன் மாமா"ன்னா. மல்ஹோத்ரா கால்லயும் விழல, திட்டிக்கிட்டேதான் அனுப்பினாரு. ஆனா பணம் வார வரைக்கும் அவ விளக்கைப் போடல. இவ்வளவு புளுகுல அந்த ஒரு சின்ன விஷயம் நெசம். பக்கத்துல உக்காந்து நான் கெஞ்சியே கேக்காதவ, நீங்க பாளையங்கோட்டையிலேருந்து சொல்லியா வரப்போறா? அந்த நாற்காலிய வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிருங்க.