விமானி மகளும் ஐந்து வருஷ பாண்டும்

"வேலைக்கு சேந்தா அஞ்சு வருஷம் பாண்டு டாடி. நடுவுல எங்கயும் போவ முடியாது" என்று பிரிசில்லா சொல்லிவிட்டுத் தன் தோசையைத் தொடர்ந்து சாப்பிட்டாள். பாக்கியராஜுக்குத்தான் தோசை தொண்டையில் நின்றுவிட்டது.

நிற்காமல் என்ன செய்யும்? பெங்களூர் பொம்மனஹள்ளியில் அவர் குடியிருக்கும் தெருவுக்கே முதல் பைலட் அவர் மகள். வேலை கிடைத்த கையோடு தோஹாவில் இருக்கும் தியோடர் என்ற மாப்பிள்ளையும் கிடைத்திருந்தான். கோலார் தங்கவயல் குடும்பம், நல்ல சம்பளம். கல்யாணம் முடிந்த கையோடு பெண் தோஹாவுக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. பாக்கியராஜ் உடனே சரி சொல்லி, சர்ச் ஃபாதரிடமும் பேசிவிட்டார்.

"இது இன்னா அநியாயம்? கத்துக்குடுத்துட்டா அடிமையா?" என்று அவர் குதித்தார்.

பிரிசில்லா பொறுமையாக விளக்கினாள். புதிதாக எடுக்கும் பைலட்டுக்குக் கம்பெனி தன் செலவில் பயிற்சி தருகிறது. கற்றுக்கொண்டவன் அடுத்த மாதமே வேறு கம்பெனிக்குத் தாவினால் இவர்கள் கதி என்ன? கம்பெனி முதலாளியே வந்திருந்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்.

"பட்டறைப் பசங்ககிட்ட நீங்க மார்க்ஸ் கார்டு வாங்கி வச்சிக்கிறீங்களே, அது இன்னாவாம்?" என்று அடுப்படியிலிருந்து மனைவி லூர்துமேரி கேட்டாள்.

பீன்யாவில் பாக்கியராஜுக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. வேலை கற்க வரும் பையன்களின் எஸ்.எஸ்.எல்.சி. மார்க்ஸ் கார்டை வாங்கிப் பீரோவில் பூட்டிவிடுவார். மூன்று வருஷம் உழைத்தால்தான் பீரோ திறக்கும். பையன்கள் உருப்படுவதற்காகத்தான் அந்த ஏற்பாடு என்று மனைவிக்கு விளக்கிவிட்டு, மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டார்.

அந்த அம்மாள் தங்கமானவர். பெண் வர முடியாவிட்டால் என்ன, தியோடரையே பெங்களூரில் வேலை தேடிக்கொண்டு வரச் சொல்கிறேன் என்றார். பாக்கியராஜுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மகளிடமும் உடனே அதைச் சொன்னார். மறுநாள் வேலை முடிந்து வந்தவள், பாண்டு போட்டவர்களுக்கு முதல் போஸ்டிங் அஸ்ஸாமில் கௌஹாத்தியாம் என்று ரொம்ப வருத்தத்தோடு சொன்னாள்.

இனி பொறுப்பதில்லை என்று பாக்கியராஜ் தன் பால்ய நண்பர் தனக்கோடியைப் பிடித்தார். தனக்கோடிக்கு எதற்கெடுத்தாலும் போராட்டம்தான். முதலில் ஊர் அறியப் பேசு என்று யோசனை சொன்னார். அப்படித்தான் பீன்யா பட்டறை முதலாளிகள் சங்கக் கூட்டத்தில் பாக்கியராஜ் மைக்கைப் பிடித்தார்.

"கத்துக்கின வேலை கத்துக்கினவனுக்குத்தான் சொந்தம். ஒரு காகிதத்தைக் காட்டி மனுசனைக் கட்டிப் போட எந்த முதலாளிக்கும் உரிமை கெடையாது" என்று முழங்கினார்.

கைதட்டல் வரவில்லை. கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு முதலாளியிடமும் ஒரு பீரோ இருந்தது. ஆனால் தனக்கோடி அந்தப் பேச்சை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார். காலையில் பட்டறையைத் திறக்கப் போனால், பையன்கள் எல்லோரும் அந்த வீடியோவைக் கையில் வைத்துக்கொண்டு மிகுந்த மரியாதையோடு வாசலில் நின்றார்கள். பேச்சுக்குப் பாராட்டும் தெரிவித்தார்கள். பிறகு மார்க்ஸ் கார்டைக் கேட்டார்கள். கொடுக்காமல் தப்பிக்க வழியே இல்லை. மத்தியானத்துக்குள் பட்டறை காலியாகி, லேத்துகள் சும்மா நின்றன.

இத்தனையும் யாரால்? அந்த விமானக் கம்பெனியால் என்று பாக்கியராஜ் முடிவு கட்டினார். தமிழிலும் கன்னடத்திலும் 'பைலட் என்ன கொத்தடிமையா?' என்று எழுதிய அட்டையோடு தனக்கோடி உடன் வர, நேராகக் கம்பெனி அலுவலகத்துக்கே போய்விட்டார்.

ஆள் எடுக்கும் பிரிவின் அதிகாரி மமதா இருவரையும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். லேபர் கோர்ட்டுக்குப் போவேன், பேப்பர்காரர்களைக் கூப்பிடுவேன் என்று பாக்கியராஜ் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். கோபமாகத் தொடங்கியவர் முடிக்கும்போது கெஞ்சிக்கொண்டிருந்தார். மகளுக்கு ஒரு நல்ல இடம் கைநழுவிப் போகிறதே என்ற துக்கம் அவருக்கு நிஜமாகவே இருந்தது.

"நான் பெத்த பொண்ணும்மா அது. அதோட இஷ்டம் இன்னான்னு ஒரு வார்த்தை கேக்காம அதைக் கட்டிப் போட நீங்க யாரு?"

மமதா அந்த அட்டையை வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகு தயங்கித் தயங்கித் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

"நம்ம கம்பெனில பாண்டே இல்ல சார். உங்க மகள்தான் அழுதுட்டு வந்து, 'அப்பா போன் பண்ணா அஞ்சு வருஷம்னு சொல்லுங்க மேடம், ப்ளீஸ்'னு கேட்டாங்க."