பப்பாசிக்குப் பண்டி உரம் கேட்டது குற்றமா?

அட்டாளைச்சேனை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

கட்டாரில் இருக்கும் சாலிஹ் மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மருமகள் அப்னா எழுதுகிறேன். உங்கள் உடம்பிலும் உழைப்பிலும் அல்லாஹ் பறக்கத்துச் செய்யட்டும். இங்கே எல்லோரும் சுகம், என் பப்பாசி மரங்களைத் தவிர. போனில் கதைத்தால் வாப்பாவுக்குக் கேட்கும். அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

மாமா, வாப்பா ஞாயிற்றுக்கிழமை என் மரங்களை வெட்டப் போகிறார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எனக்கென்று இருப்பது அந்த மரங்கள்தான். தன் மச்சான் நீங்கள் சொன்னால் மட்டும்தான் வாப்பா கேட்பார்.

நடந்தது இதுதான். வயலுக்குப் போட்டு மிஞ்சிய யூரியாவையெல்லாம் வாப்பா என் பப்பாசிக்குக் கொட்டினார். இலை குடையளவு வந்தது, பழம் பூசணியளவு வந்தது, ருசி மட்டும் வரவில்லை. அப்போது விவசாயப் போதனாசிரியர் கனகசபாபதி சேர் வாப்பாவைத் தேடி வீட்டுக்கு வந்தார். எனக்குக் கேட்க வெட்கம். திரைக்குப் பின்னால் நின்று உம்மாவின் காதில் சொன்னேன், உம்மா கேட்டார். சேர் மரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "முத்தின இலைட ஓரமெல்லாம் கருகிக் கிடக்கு, பாருங்க. இது கடற்கரை மணல், பொட்டாசியம் தங்காது, மழையோட போயிரும். யூரியா இலையத்தான் வளர்க்கும். இனிப்பப் பழத்துக்குள்ள கொண்டுபோறது பொட்டாசியம். பண்டி உரத்தக் கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்க, காயும் கூடப் பிடிக்கும்" என்றார். கதிர் வருவதற்கு முன்னால் நெல்லுக்குப் போடுவோமே, அந்தச் சிவப்புப் பொட்டாசியம் உரம்தான். வாப்பா சிரித்தார். "வெள்ளாமை கதிர் தள்ளப் போற நேரம் போடுற சாமான் சேர் அது. பப்பாசி எப்ப சேர் கதிர் தள்ளுற?" சேர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. குசினிக்குப் பின்னால் நிற்கும் மரத்துக்கு மட்டும் அரைச் சிரட்டை பண்டி உரத்தைத் தண்டில் படாமல் வட்டமாகப் போட்டு, மண்ணால் மூடித் தண்ணீர் ஊற்றினேன். மாதாமாதம் அப்படியே செய்தேன். வாப்பாவுக்குத் தெரியாது.

போன கிழமை நிப்லா றாத்தாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வாப்பா ஆகப் பெரிய பழத்தைத் தானே பறித்து, "என்ட யூரியாட வேலை இது!" என்று சொல்லிச் சொல்லி வெட்டினார். மாப்பிள்ளையின் மாமி ஒரு துண்டை வாயில் வைத்தார். "இதென்ன, கெக்கரிக்காயா? சீனி இரிந்தாக் கொஞ்சம் தூவித் தாங்களன்" என்றார். உடனே வாப்பா என்ன சொன்னார் தெரியுமா? "அது இளையவள் அப்னாட மரம்!" பெருத்தால் வாப்பாவின் யூரியா, சப்பென்று போனால் அப்னாவின் மரமா? இது நியாயமா, மாமா? கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் காதெல்லாம் சுட்டது.

அவர்கள் போனதும், "எல்லாத்தையும் வெட்டிப்போட்டுத் தென்னம்புள்ள வைக்கிறன்" என்றார். "குசினிக்குப் பின்னால உள்ள பழத்த ஒருக்காத் திண்டு பாருங்க வாப்பா" என்று கெஞ்சினேன். "ஒரு பப்பாசிக்கே ஊர் சிரிச்சிட்டு. மற்றதும் வேணுமா புள்ள?" என்று கேட்டார்.

ஆகவே, வெட்ட வேண்டாம் என்றும், எல்லா மரத்துக்கும் பண்டி உரம் போடச் சொல்லியும் தயவுசெய்து வாப்பாவிடம் கதையுங்கள்.

உம்மா ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்காக துஆக் கேட்கிறார். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அங்கே பப்பாசி வாங்கினால் பருமனைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

கோபத்தோடும் ஸலாத்தோடும்,
மருமகள் அப்னா

பி.கு: மாமா, மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். இப்போதுதான் உம்மா குசினி மரத்துப் பழத்தை வெட்டி, ஒன்றும் சொல்லாமல் வாப்பாவின் முன்னால் வைத்தார். தின்றார். இன்னும் கேட்டார். "எந்தக் கடைல வாங்கின?" என்றார். உம்மா உண்மையைச் சொல்லிவிட்டார். இனி வெட்ட மாட்டார். ஆனால் வயலுக்கு வைத்திருந்த பண்டி உர மூட்டையை அவிழ்த்து, சருவச்சட்டியில் அள்ளி, நெல் விதைப்பதுபோல் வளவெல்லாம் வீசிக்கொண்டு திரிகிறார். குருத்திலும் விழுகிறது. உம்மாவின் முருங்கைக்கும் போட்டாயிற்று. இப்படிப் போட்டால் எல்லாம் கருகிச் செத்துப்போகும். உடனே போன் எடுத்து நிறுத்தச் சொல்லுங்கள். நான் வாசலில் நின்று, "வாப்பா, போதும்!" என்று கத்தியே விட்டேன். ரோட்டில் போனவர்களெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாப்பாவும் பார்த்தார். "பயப்படாத புள்ள, மூட்டைல இன்னும் கிடக்கு" என்றார்.