கோச் ராசையா மீதான பதினேழாம் தீர்மானம்

கால்பந்துக்கு விதி எழுதியவர்கள் ஒரு பெரிய பிழை செய்துவிட்டார்கள். மைதானத்தின் நீளம், அகலம், பந்தின் எடை, கார்னர் கொடியின் உயரம் எல்லாவற்றையும் எழுதியவர்கள், ஆட்டத்தைப் பற்றி இறுதி முடிவு எடுக்க வேண்டியவர் யார் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லாமல் போய்விட்டார்கள். அந்தப் பிழை நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து ராயபுரத்தில், ஹுமாயூன் பாயின் டீக்கடையில், இரண்டாவது பெஞ்சில் வைத்துத் திருத்தப்பட்டது. திருத்திய பெருமை ஜெயவேலைச் சேரும்.

ஜெயவேல் திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் கேட் பாஸ் எழுதுபவர். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் கையெழுத்துப் போட்டால்தான் லாரி நகரும். அப்படி அனுமதி கொடுத்தே பழகிய ஒரு கை, மாலை ஆறு மணிக்கு மேல் சும்மா கிடப்பது நாட்டுக்கு நஷ்டம். அந்த நஷ்டத்தை ஈடுகட்டவென்றே ‘துறைமுகம் எஃப்.சி.’ என்ற தொழில்முறைக் கால்பந்து அணி தோற்றுக்கொண்டிருந்தது.

பதினான்கு ஆட்டங்களில் பதினொன்று தோல்வி. மூன்று டிரா. அதில் ஒன்று, மழைத் தண்ணீரில் பந்து மிதந்ததால் வந்த டிரா. பட்டியலில் கடைசி இடம். கடைசி இடத்திலேயே சீசன் முடிந்தால் அணியைக் கலைத்துவிடுவோம் என்று முதலாளிகள் அறிவித்தும் விட்டார்கள்.

தலைமைப் பயிற்சியாளர் ராசையா, புளியந்தோப்புக்காரர். ரயில்வே அணியில் இடது பக்கம் பேக்காக, அதாவது தடுப்பாட்டக்காரராக ஆடி, இரண்டு முழங்கால்களையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். வெளிநாட்டிலிருந்து வந்த கோச் ஒருவர் மே மாத வெயிலைப் பார்த்ததும் ஊருக்குப் போய்விட, உதவிக்கு நின்றிருந்த ராசையாவை ‘தற்காலிகமாக’ உட்கார வைத்திருந்தார்கள்.

இந்த நெருக்கடியில்தான் ஜெயவேல் ‘தலைமைப் பயிற்சியாளர் முடிவுகள் மறுபரிசீலனைக் குழு’வை நிறுவினார். டீக்கடை ஹுமாயூன் பாய் உட்பட ஏழு உறுப்பினர்கள். அமைப்பாளர் ஜெயவேல். அவருடைய கால்பந்து அனுபவத்தை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. எட்டாம் வகுப்பில் பள்ளி அணிக்கு மாற்று ஆட்டக்காரராகத் தேர்வாகி, ஓர் ஆண்டு முழுக்க எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். ஒருமுறைகூட உள்ளே இறங்காததால் அவருடைய பார்வையில் எந்தச் சேறும் படியவில்லை.

குழு தினமும் கூடியது. ஜெயவேல் மேசைமேல் பட்டர் பிஸ்கெட்டுகளை அடுக்கி வியூகம் விளக்குவார்.

“பாய், இத்த பாரு. ராசையாண்ணன் நாலு பேர பின்னால நிக்க வெச்சிகினு கீறாரு. அஞ்சு பேரா வெச்சா கோலு வுழுமா?”

ஹுமாயூன் பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். “அஞ்சாவது ஆளு எங்கேர்ந்து வருவான்?”

“முன்னாலேர்ந்து.”

“அப்போ கோலு யாரு அடிப்பாங்கோ?”

“மொதல்ல வுழறத நிறுத்து பாய். அடிக்கிறது அடுத்த கூட்டத்துல.”

இந்த இடத்தில் கெங்கம்மா நடு பேக்காக நின்ற பிஸ்கெட்டை எடுத்து டீயில் தொட்டுத் தின்றுவிட்டார்.

கெங்கம்மா காசிமேட்டில் மீன் விற்பவர். அணியின் கோல்கீப்பர் தீபன் அவருடைய மகன். ஏழு உறுப்பினர்களில் ஒவ்வோர் ஆட்டத்தையும் மைதானத்துக்கே போய்ப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்; மற்ற ஆறு பேரும் செல்போனில், அதுவும் ஹைலைட்ஸ் துண்டுகளாக, பார்த்தார்கள். எனவே நேரில் பார்த்து உணர்ச்சிவசப்படும் ஆபத்து அவர்களுக்கு இல்லை. கெங்கம்மா சொல்லும் எதையும் ஜெயவேல் குறிப்பேட்டில் ‘சார்புடைய கருத்து’ என்ற தலைப்பின் கீழ் எழுதி வைப்பார்.

அறிவு எங்கிருந்தாலும் அதைத் தேடி வருபவர்கள் இருக்கிறார்கள். ஒரு திங்கட்கிழமை, கிளப் அலுவலகத்திலிருந்து ஜெரி என்ற இளைஞர் டீக்கடைக்கு வந்தார். அவருடைய பதவி ‘ரசிகர் அனுபவ மேலாளர்’. குழுவின் வீடியோ ஒன்று, பிஸ்கெட்டோடு, ஊரெல்லாம் பரவியிருந்தது.

“சார், ரசிகர்கள்தான் எங்க சொத்து. இனிமே கோச்சோட எந்த முடிவா இருந்தாலும் உங்க அப்ரூவல் வாங்கித்தான் போகும். ஒவ்வொரு வியாழக்கிழமையும் டீம் லிஸ்ட்டோட அவரே இங்க வருவாரு.”

“அவரு ஒத்துக்குவாரா?” என்று கேட்டார் ஹுமாயூன் பாய்.

“அவர்கிட்ட நாங்க இன்னும் கேட்கல சார். அதுக்குத் தனி டிபார்ட்மெண்ட் இருக்கு.”

ஏழு பேருக்கும் கழுத்தில் மாட்டும் அடையாள அட்டை வந்தது. ஜெயவேல் அன்று வீட்டில் அட்டையோடு சாப்பிட உட்கார்ந்தார். அட்டையின் நுனி குழம்பில் நனைந்தது. அவர் மனைவி சங்கமித்ரா அதைப் பார்த்தாள்.

“கயட்ட மாட்டேன்னா, முதுகுப் பக்கம் வுட்டுகினு துன்னு” என்றாள்.

முதல் வியாழக்கிழமை ராசையா வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, ஒரு நாற்பது பக்க நோட்டைத் திறந்து வைத்தார்.

“சொல்லு நைனா.”

ஜெயவேல் எழுந்து நின்றே தீர்மானத்தை வாசித்தார். ஒன்று, பின்களத்தில் ஐந்து பேர். இரண்டு, கோல்கீப்பர் தீபனை உட்கார வைக்க வேண்டும். காரணம், கோல் விழுந்த பிறகு அவன் சிரிக்கிறான்.

“அவன் சிரிக்கல” என்றார் கெங்கம்மா. “பல்லு அப்பிடி.”

‘சார்புடைய கருத்து’ என்று பதிவானது. ராசையா கெங்கம்மாவைப் பார்த்தார், ஜெயவேலைப் பார்த்தார், நோட்டில் எழுதிக்கொண்டார்.

“அண்ணாத்தே, ஒங்களுக்கு ஆட்சேபம் எதுனா கீதா?”

“ஆபீஸ்ல கேட்டுக்க சொன்னாங்கோ. கேட்டுகினு கீறேன்.”

அந்தச் சனிக்கிழமை ஐந்துக்குப் பூஜ்யம் என்று அணி தோற்றது. குழு அவசரமாகக் கூடி, ஐந்து பேக் என்பது கோழைத்தனம் என்று கண்டறிந்து, ராசையாவுக்குக் கண்டனம் தெரிவித்தது. அடுத்த வாரம் எல்லாரும் முன்னால் போக வேண்டும் என்று அனுமதி வழங்கப்பட்டது. எல்லாரும் முன்னால் போனார்கள். பந்து பின்னால் போனது. ஆறுக்கு ஒன்று. அந்த ஒரு கோல் குழுவின் தொலைநோக்குக்குச் சான்று என்றும், மற்ற ஆறும் ‘நடைமுறைப்படுத்தலில் ஏற்பட்ட குறைபாடு’ என்றும் பதிவானது. மூன்றாம் வாரம், இன்ஸ்டாகிராமில் அதிகம் பேர் பின்தொடரும் ஆட்டக்காரர் நடுவில் ஆட வேண்டும் என்றார்கள். அவர் நடுவில் நின்று ஆடினார். பந்து அவரைப் பின்தொடரவில்லை.

ராசையா ஒவ்வொரு வியாழனும் வந்தார். எழுதிக்கொண்டார். போனார். ஒருமுறை மட்டும் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, “நைனா, ஒண்ணு கேக்கட்டா? நாங்க இன்னாத்துக்கு ஆட்றோம்?” என்றார்.

“நிகழ்ச்சி நிரல்ல இல்லண்ணா” என்றார் ஜெயவேல், வருத்தத்தோடுதான்.

கடைசி ஆட்டம் வந்தது. எதிரணி, பட்டியலில் கடைசிக்கு முந்தின இடம். ஜெயித்தால் துறைமுகம் தப்பும். டிரா என்றாலும் கலைந்துபோகும். இருபத்தைந்து ஆட்டக்காரர்கள், பந்து பொறுக்கிப் போடுபவர்கள், சட்டை துவைப்பவர் எல்லாருடைய வேலையும் தொண்ணூறு நிமிடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. குழு மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு பழைய லிஸ்ட்டையே மறுபடி அனுமதித்தது. தீபன் உட்கார வேண்டும். இன்ஸ்டாகிராம் ஆட வேண்டும். ராசையா எழுதிக்கொண்டார்.

கிளப் இலவசப் பாஸ் அனுப்பியிருந்ததால் குழு முதன்முறையாக முழுமையாக மைதானத்துக்குப் போனது. பெயர் எழுதிய நாற்காலிகள். ஜெயவேல் மடியில் குழுவின் தீர்மானக் கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு அமர்ந்தார். அணி இறங்கியது. கோல் கம்பங்களுக்கு நடுவே கையுறையைத் தட்டிக்கொண்டு தீபன் போய் நின்றான்.

ஜெயவேல் கோப்பைப் பிரித்தார். மறுபடி மைதானத்தைப் பார்த்தார். அனுமதித்த பதினொரு பேரில் ஆறு பேர் களத்திலேயே இல்லை.

“பாய், இது நம்ப லிஸ்ட்டு இல்ல.”

“ஆமா” என்றார் ஹுமாயூன் பாய், கண்ணை எடுக்காமல். “கொஞ்சம் குனிஞ்சுக்கோ, மறைக்குது.”

முதல் பாதி முழுக்க ஜெயவேல் விதிமீறல்களைக் குறித்துக்கொண்டிருந்தார். பதினேழு எண்ணினார். இரண்டாம் பாதியில் எதிரணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. கெங்கம்மா கண்ணை மூடிக்கொண்டார். தீபன் இடது பக்கம் பாய்ந்து, பந்தை விரல் நுனியால் தள்ளி, கம்பத்தில் தோள் இடிபட விழுந்தான். அவன் சிரிக்கிறானா என்று யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஜெயவேல் எதையும் குறிக்கவில்லை. பேனா எங்கே போனது என்று அவருக்குத் தெரியாது.

எண்பத்தாறாவது நிமிடம் ஒரு கார்னர். வியாசர்பாடிப் பையன் ஒருவன், இடது பேக், அதுவரைக்கும் குழு பெயர்கூடக் கேட்டிராதவன், எங்கிருந்தோ ஓடிவந்து தலையால் முட்டினான். வலை ஆடியது.

அடுத்த அரை நிமிடத்தில் நடந்தவை குழுவின் ஆவணங்களில் இல்லை. ஜெயவேல் தன் பெயர் எழுதிய நாற்காலியின் மேல் ஏறி நின்றார். தொண்டை கிழியக் கத்தினார். முன்வரிசையில் இருந்த முன்பின் தெரியாத ஒருவரின் வழுக்கைத் தலையில் முத்தமிட்டார். கெங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “யக்கா, யக்கா” என்பதற்கு மேல் எதுவும் சொல்ல வராமல் நின்றார். கோப்பு காலடியில் விரிந்து கிடந்தது.

ஒன்றுக்குப் பூஜ்யம். துறைமுகம் தப்பியது.

திங்கட்கிழமை ஜெரி வந்தார்.

“சார், வெற்றி எல்லாருக்கும் சந்தோஷம்தான். ஆனா ப்ராசஸ்னு ஒண்ணு இருக்கு. இன்னிக்கு உங்க அனுமதி இல்லாம ஜெயிச்சாரு. நாளைக்கு இதே மாதிரி இன்னொரு தடவை ஜெயிச்சா, ரசிகர்களோட நிலைமை என்ன?”

எல்லாரும் டீ கிளாசைக் கீழே வைத்தார்கள். கேள்வியின் ஆழம் அப்படி.

“கோச்சு வேலைய கோச்சு செஞ்சான்” என்றார் கெங்கம்மா. “அதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பேரு குந்திகினு கீறோம்?”

“ஆளு நல்ல ஆளுதான் யக்கா” என்றார் ஜெயவேல். “ஆனா கேட்டுட்டு செஞ்சிருக்கலாமே.”

“கேட்டிருந்தா நீ வுட்டிருப்பியா?”

“மாட்டேன்.”

“அப்போ?”

இதுவும் சார்புடைய கருத்தாகவே இருந்தது. வாக்கெடுப்பு நடந்தது. ராசையாவை நீக்க மூன்று பேர், வேண்டாமென்று மூன்று பேர். ஹுமாயூன் பாய் வேண்டாமென்ற பக்கம் கையைத் தூக்கிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். மீதி இருந்தது அமைப்பாளர் ஓட்டு.

ஜெயவேல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிறைய யோசித்தார். ராசையா இருந்தால் அணி ஜெயிக்கும். அது அவருக்கு இப்போது நன்றாகத் தெரிந்துவிட்டது. ஆனால் ராசையா தானாகவே ஜெயிக்க ஆரம்பித்துவிட்டால், வியாழக்கிழமை சாயங்காலம் ஜெயவேலைத் தேடிக்கொண்டு யார் வருவார்கள்? நோட்டைத் திறந்து வைத்து, ‘சொல்லு நைனா’ என்று யார் சொல்வார்கள்? யார்டில் லாரிக்காரர்கள்கூட அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பார்கள்.

கை கையெழுத்துப் போட்டது. தீர்மானம் எண் பதினேழு, நான்குக்கு மூன்று என்று நிறைவேறியது. கெங்கம்மா அட்டையைக் கழற்றி டீ கிளாசின் அடியில் வைத்துவிட்டு எழுந்து போனார். நீக்கக் கடிதத்தைத் தபாலில் அனுப்புவது மரியாதை இல்லை என்று ஜெரி கருதியதால், அமைப்பாளரே நேரில் கொடுப்பது என்றும் முடிவாயிற்று.

மறுநாள் காலை ஜெயவேல் புளியந்தோப்பில் ஹவுசிங் போர்டு மாடிப்படி ஏறினார். ராசையா வெளி வராந்தாவில் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கை துடைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டார். உள்ளே பார்த்து டீ சொன்னார். பிறகு கடிதத்தை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“‘அனுமதியற்ற வெற்றி’ன்னு போட்டுகீது. அப்பிடின்னா இன்னா நைனா?”

“அது வந்துண்ணா, கேக்காம செஞ்சிட்டீங்கன்றத ஆபீஸ் பாஷையில அப்பிடி எயுதுவாங்கோ.”

“ஓ.” ராசையா மிச்சத்தையும் படித்தார். பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக இன்னொரு பிரதியில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். டீ வந்தது. ஜெயவேல் குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் கிளாசைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“கோலு வுழுந்தப்போ நான் ஒங்க பக்கம் திரும்பிப் பார்த்தேன்” என்றார் ராசையா. “நீ சேர் மேல ஏறி நின்னுகினு இருந்த.”

“ஆமாண்ணா.”

“அழுதுகினு இருந்த.”

ஜெயவேல் தரையைப் பார்த்தார். “கொஞ்சம்.”

ராசையா எண்ணெய்க் கிண்ணத்தை மறுபடி பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அவர் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“யாராண்ட கேட்டுகினு அழுத?”