முசே கிளமானின் வால்வு சத்தம்

“இந்த டிக் டிக் எல்லாம் வீடியோவுல ஏறிடும் சார்” என்றான் கலைவாணன்.

சனிக்கிழமை கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கப்போகிறவன் அவன். மணப்பெண் காரில் ஏறுவதை எந்தப் பக்கமிருந்து எடுக்கலாம் என்று செவ்வாய்க்கிழமையே வந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஊரே ‘முசே’ என்று பிரெஞ்சு மரியாதையோடு கூப்பிடும் கிளமானுக்குச் சுருக்கென்றது. அவருடைய அப்பா பிரான்சிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கார் அது. வருஷக்கணக்காக அந்தச் சத்தத்தோடுதான் ஓடுகிறது. இவ்வளவு நாளும் காதில் விழாத சத்தம், கலைவாணன் சொன்ன நிமிஷத்திலிருந்து அதைத் தவிர வேறெதையும் கேட்கவிடவில்லை.

மனைவி போய் ஆறு வருஷமாகிறது. ஒரே மகள் ஃபானி. தினமும் மாலை ஐந்து மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு பிரெஞ்சு வகுப்பு நடத்தச் சாரம் பகுதிக்குப் போவார், எட்டு மணிக்குத் திரும்புவார். மற்ற நேரமெல்லாம் மகள்தான் உலகம். அரியாங்குப்பத்து ரெக்ஸை மாப்பிள்ளையாக அவரே விசாரித்து, அவரே பேசி முடித்தார். ஃபானி மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டே பெருமைப்பட்டார். அப்படிப்பட்ட பெண் தையல் மிஷின் மாதிரி இரைகிற வண்டியிலா மாதா கோயிலுக்குப் போவாள்?

மெக்கானிக் அறிவுமதி வந்தார். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை என்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டார். வால்வு சத்தம்தான் என்றார். வால்வுக்கும் அதைத் தட்டித் திறக்கிற ராக்கருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கவேண்டும், சூட்டில் இரும்பு நீளும், அதற்கு இடம் விட்டால் கொஞ்சம் சத்தமும் இருக்கத்தான் செய்யும் என்று விளக்கினார். மெல்லிய தகட்டை விட்டு அளந்து திருகைச் சரிசெய்ததும் சத்தம் பாதியாயிற்று.

மீதிப் பாதியையும் எடுத்துவிடச் சொன்னார் கிளமான். அது வண்டிக்கு ஆகாது என்றார் அறிவுமதி. கல்யாண வண்டி என்றார் கிளமான். அறிவுமதி பெருமூச்சு விட்டு, இன்னும் முடுக்கினார். சத்தம் அடியோடு நின்றது.

அன்று மாலை வண்டி பூனை மாதிரி கிளம்பியது. என்ஜின் சூடேற ஏறக் குளிர்ஜுரம் வந்ததுபோல் நடுங்கியது. சாரம் சிக்னலில் டமாரென்று ஒரு வெடி வெடித்து, அப்படியே நின்றுபோயிற்று. போக்குவரத்துக் காவலர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வகுப்பாவது ஒன்றாவது. நாலு பேர் சேர்ந்து காரை வீடுவரைக்கும் தள்ளிவந்தார்கள்.

மணி ஆறுகூட ஆகவில்லை. வாசலில் சத்தமில்லாமல் வந்து நின்ற காரைப் பார்த்து ஃபானி வெலவெலத்துப்போனாள். வீட்டுவேலை பார்க்கும் செல்வாம்பாள் பின்கட்டில் எதையோ உருட்டிவிட்டாள். வண்டி நின்றதற்கே பெண் இப்படிப் பதறுகிறாளே என்று கிளமான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

“பழையபடியே விட்டுடுங்க பப்பா. அந்தச் சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள் ஃபானி.

பப்பா விடுவதாக இல்லை. புதன்கிழமை முழுக்க இன்டர்நெட்டில் வீடியோ பார்த்து, ராக்கர் கோத்திருக்கும் தண்டு தேய்ந்திருக்கிறது என்று முடிவுகட்டினார். அறிவுமதி தலையிலடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கழற்றிக் காட்டினார். தேய்மானம் எதுவுமில்லை. திரும்பப் பூட்டியபோது ஒரு கம்பி சரியாக உட்காரவில்லை. டிக் டிக் இப்போது டக் டக்காயிற்று. மறுபடி திறந்ததில் மூடிக்கு அடியிலிருந்த கார்க் அட்டை கிழிந்தது. அதே மாதிரி அட்டை ஊரில் எங்கும் கிடைக்காததால், கிளமானே ஒரு கார்க் தாளை வாங்கிக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை அந்த வெட்டின் வழியாக ஆயில் கசிந்து, சூடான புகைக்குழாயில் சொட்டியது. தெருவே புகைமண்டலமானது. எதிர்வீட்டுக்காரர் வண்டி பற்றிக்கொண்டதென்று ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்து, கார் ஜன்னல் வழியாகக் கிளமான் மேலேயே ஊற்றினார்.

வெள்ளிக்கிழமை காலை அறிவுமதி கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து நின்றார்.

“ஐயா, ஓடுற வண்டின்னா வால்வு பேசும். பேசக்கூடாதுன்னா வண்டியத் தள்ளிக்கிட்டுத்தான் போவணும். பொண்ண எதுல கூட்டிட்டுப் போறீங்கன்னு நீங்களே சொல்லுங்க.”

வாளித் தண்ணீரில் ஜலதோஷம் பிடித்த மூக்கைத் துடைத்துக்கொண்டு, பழையபடியே வைத்துவிடச் சொன்னார் கிளமான். சாயங்காலம் அறிவுமதியே அளந்து வெட்டிய புது அட்டையும், சரியான இடைவெளியும், அதே பழைய டிக் டிக்கும் வந்து சேர்ந்தன. ஃபானி மெக்கானிக்குக்குத் தன் கையாலேயே காபி போட்டுக் கொடுத்தாள்.

சனிக்கிழமை கார் ஒரு தடவைகூட முக்கவில்லை. குலுங்கவில்லை, புகையவில்லை. டிக் டிக்கென்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டே கோயில் வாசலுக்கு வந்து நின்றது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தபோதுதான் நாலு நாளாக அடக்கிவைத்திருந்த மூச்சு கிளமானுக்கு வெளியே வந்தது. சத்தம் வந்தால் வரட்டும். பெண் வந்துவிட்டாள்.

கோயில் படியில் கோட்டு போட்டு நின்றிருந்தான் ரெக்ஸ். கார் நெருங்கியபோது யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்திருந்தான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு கோயிலின் பக்கவாட்டுக் கதவை நோக்கி நாலடி ஓடினான். அப்புறம் சட்டென்று நின்று, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அசட்டுச் சிரிப்போடு திரும்பி வந்தான்.

கிளமான் அவசரமாக இறங்கினார். மாப்பிள்ளைக்குக் கடைசி நேரத்தில் மனம் மாறிவிட்டதா? காரிலிருந்து ஃபானியின் கவுனை ஏந்திக்கொண்டு இறங்கிய செல்வாம்பாளிடம், அவனுக்கு என்ன ஆயிற்று என்று மெதுவாகக் கேட்டார்.

“பழக்கதோஷம், முசே” என்றாள் அவள். “நாலு வருஷமா இந்தச் சத்தம் கேட்டாலே நம்ம பின்வாசல் வழியா ஓடுன புள்ளையாச்சே.”