என் தோளும் லேட்டஸ்ட் டிரெசரும்

அறுபதுகளின் தொடக்கத்தில் சிராங்கூன் ரோட்டில் குடியிருந்துகொண்டு, லேட்டஸ்ட் டிரெசரிடம் கையைக் கொடுக்காமல் தப்பித்தேன் என்று யாராவது சொன்னால், அந்த ஆளுக்குக் கையே கிடையாது என்று அர்த்தம். காய்ச்சல், தலைவலி, வயிற்றுக்கடுப்பு இதிலெல்லாம் அவருக்கு அக்கறை இல்லை. கழுத்துக்குக் கீழே, மணிக்கட்டுக்கு மேலே, அதுதான் அவருடைய ராஜ்யம். அதற்குள் யாருக்கு வலித்தாலும் கூப்பிடாமலே வந்து நிற்பார்.

அவர் ஒரு கம்பெனி மருந்தகத்தில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெசர். மொட்டைத் தலை, பீமசேன உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. அங்கே இருந்த வெள்ளைக்கார டாக்டர் கழித்துப் போடும் மருத்துவப் பத்திரிகைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படிப்பார். தோள், முழங்கை பற்றிய கட்டுரை என்றால் இரண்டு முறை படிப்பார். மறுநாள் காலை கடைவாசல் ஐந்தடி நடைபாதையில் நின்று, "லேட்டஸ்ட் என்னன்னா..." என்று ஆரம்பிப்பார். பெயர் வந்த கதை அதுதான். சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்டால் சொல்லியிருப்பார், ஆனால் மனிதர் கேட்க இடைவெளி விட்டதில்லை.

நான் குடியிருந்த மாடியறைக்குக் கீழே சாமிநாதன் அண்ணன் தே தாரிக் கடை வைத்திருந்தார். நாள் முழுக்கத் தேநீரைத் தலைக்கு மேலிருந்து இடுப்பு வரை இழுத்து ஆற்றி ஆற்றி, ஒரு நாள் அவருக்கு முழங்கை பிடித்துக்கொண்டது.

"இது டென்னிஸ் எல்போ," என்றார் லேட்டஸ்ட்.

"நான் அந்த மட்டையைத் தொட்டதே இல்லையே சார்."

"தொடணும்னு அவசியமில்லை லா. லேட்டஸ்ட் என்னன்னா, கைக்கு வேலை கொடுக்கணும். வாளியில தண்ணிய நிரப்பி மெதுவா தூக்கி மெதுவா இறக்குங்க."

அண்ணன் தூக்கினார், இறக்கினார். வலி கொஞ்சம் குறைந்ததாகக் கூடச் சொன்னார். அதற்குள் அடுத்த பத்திரிகை வந்துவிட்டது. "வாளியத் தொடாதீங்க. பூரண ஓய்வு. டீயை இடது கையால இழுங்க." இடது கையால் இழுத்த முதல் தேநீர் ஒரு தபால்காரரின் மடியில் இறங்கியது. அதற்கடுத்த பத்திரிகையில் மாவுக்கட்டு. தோளிலிருந்து விரல்வரை வெள்ளை வெளேரென்று கட்டோடு நின்ற அண்ணனைப் பார்த்து, வந்தவரெல்லாம் எந்த பஸ், எந்த இடம் என்று துக்கம் விசாரித்தார்கள். நான்காம் நாள் அண்ணன் ரொட்டி வெட்டும் கத்தியால் கட்டை அறுத்துப் போட்டுவிட்டு, லேட்டஸ்ட் வந்தால் கடைக்குப் பின்பக்கம் ஒளிய ஆரம்பித்தார்.

வாசகர்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். போன மாதம் என் முழங்கை வலிக்காக ஒரு நிபுணரைப் பார்த்தேன். பேரன் வயசுப் பையன். "முன்னெல்லாம் இதுக்கு ஊசி போட்டோம் அங்கிள். இப்ப எவிடென்ஸ் மாறிடுச்சு, எக்சர்சைஸ்தான்," என்றார். காசைக் கட்டிவிட்டு பவ்யமாகத் தலையாட்டிக்கொண்டு வந்தேன். லேட்டஸ்ட் இதையே ஓசியில் சொன்னதால்தான் எங்களுக்கு இளக்காரமாகப் போய்விட்டது.

என் முறையும் வந்தது. பஃபலோ ரோட்டில் பால்காரரின் மாடு ஒன்று நடுரோட்டில் நின்று யோசித்தது. என் சைக்கிளும் நின்றது, நான் நிற்கவில்லை. வலது தோள் மூட்டை விட்டு நழுவிவிட்டது. ஆஸ்பத்திரியில் மூட்டைப் பொருத்தி, கையைக் கழுத்திலிருந்து துணித் தொட்டிலில் போட்டு, மூன்று வாரம் கழித்து அசைக்க ஆரம்பிக்கலாம் என்றார்கள்.

சாதாரண நாளாக இருந்தால் அதோடு விட்டிருப்பேன். ஆனால் எட்டு வாரத்தில் எனக்குக் கல்யாணம். பெண்ணை ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன், அதற்கே எனக்குத் தூக்கம் போயிருந்தது. அவளுடைய அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் ஃபோர்மேன். கோணல் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. செய்தி தெரிந்ததும் நேரே அறைக்கு வந்து என் கைத்தொட்டிலை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க குடும்பத்தில மூணு முடிச்சும் மாப்பிள்ளையே போடணும் தம்பி. நாத்தனார் போடுற பழக்கம் இல்லை. கை தூக்க வரலைன்னா சொல்லிடுங்க, பேச்சை இப்பவே முடிச்சுக்கலாம்."

"வந்துரும் மாமா," என்றேன். எனக்கு வேறு என்ன சொல்ல முடியும்?

மூன்று வாரம் முடிந்த அன்று காலை கதவைத் தட்டியது லேட்டஸ்ட். "ஆஸ்பத்திரிக்காரங்க பழைய ஆளுங்க தம்பி. லேட்டஸ்ட் என்னன்னா, மொத்தம் ஆறு வாரம் அசைக்கவே கூடாது." வேண்டாம் என்பதற்குள் என் கையை நெஞ்சோடு சேர்த்து வைத்து, கஜக்கணக்கில் துணியைச் சுற்றிவிட்டார். இன்னும் மூன்று வாரம் அப்படியே கிடந்தேன். சட்டையை மாட்டிவிடக்கூட சாமிநாதன் அண்ணன்தான் மாடியேறி வர வேண்டியிருந்தது.

மூன்றாவது வாரக் கடைசியில் ஒரு நாள், பொழுது போகாமல் அவருடைய பத்திரிகையை வாங்கிப் புரட்டினேன். நான் கப்பல் கம்பெனிக் குமாஸ்தா, எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் கண் முதலில் தேதிக்குத்தான் போகும். அது யுத்தத்தில் ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால், இருபது வருஷத்துக்கு முந்தி அச்சான இதழ்.

"சார், இதுக்கு முன்னாடி உங்க கைக்கு வந்தது எங்க?"

எடுத்து வந்தார். அது யுத்தம் முடிந்த பிறகு அச்சானது. அதற்கும் முன்னால் அவர் கைக்கு வந்தது போன வருஷத்தது. விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டிய காலம் அது. டாக்டரும் ஊருக்குக் கிளம்புவதற்காக அலமாரியை மேல் தட்டிலிருந்து கீழே காலி செய்துகொண்டிருந்தார். லேட்டஸ்ட் கைக்கு வந்த ஒவ்வொரு புதுசும் முந்தினதைவிடப் பழசு. நாங்கள் எல்லோரும் பின்னோக்கிக் குணமாகிக்கொண்டிருந்தோம். இன்னும் ஒரு தட்டு இறங்கியிருந்தால் எனக்கு ரத்தம் உறிஞ்ச அட்டை விட்டிருப்பார்.

அவர் மூன்று இதழ்களின் தேதியையும் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு என் கட்டை அவிழ்த்தார். கை இடுப்புக்கு மேலே ஒரு சாண்கூட எழும்பவில்லை.

"எனக்குத் தெரியலை தம்பி," என்றார். "கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அங்கே இளம் சீன டாக்டர் முன்னால் நின்று, தானே வாய்விட்டு, "இது என் தப்பு டாக்டர்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டர் வைத வசவு வராந்தாவரைக்கும் கேட்டது. அவர் ஒவ்வொன்றுக்கும் "யெஸ் டாக்டர்" என்றார். டாக்டர் வைது முடித்ததும், தன் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, "இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க," என்று கேட்டு எழுதிக்கொண்டார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்தப் பென்சிலைப் பார்த்ததும் போய்விட்டது.

அன்றிலிருந்து விடிந்தால் அவர் என் அறையில் இருப்பார். குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். சுவரில் விரல்களால் மேலே ஏற வேண்டும். எட்டிய இடத்தில் ஒரு கோடு போடுவார். இரண்டாவது வாரம் கோடுகள் தோளுக்குக் கொஞ்சம் மேலே வந்ததும், ஒரு முக்காலியில் என் முன்னால் உட்கார்ந்து, மொட்டைத் தலையைக் குனிந்து, கையில் கயிற்றைக் கொடுத்தார்.

"கட்டு."

அந்தப் பெரிய கழுத்தைச் சுற்றிக் கயிறு போட்டு, பின்னால் முடிச்சுப் போட நான் திணறிக்கொண்டிருந்தபோது, கதவு திறந்தது. வாசலில் என் வருங்கால மாமனார்.

"என்ன நடக்குது இங்க?"

லேட்டஸ்ட் குனிந்த தலை நிமிராமல், "ரெண்டு முடிச்சு வந்துருச்சு சார். மூணாவது நாளைக்கு வந்துரும். குறுக்க பேசாதீங்க," என்றார்.

மாமனார் ஃபோர்மேன் அல்லவா, வேலை நடக்கும் இடத்தில் குறுக்கே பேசக்கூடாது என்று அவருக்குத் தெரியும். ஓரமாக நின்று மூன்றாவது முடிச்சு அவிழ்ந்து விழுவதைப் பார்த்தார். சுவரில் இருந்த கோடுகளையும் கீழேயிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை நேரத்துக்கு வந்துருங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. முதல் முடிச்சு விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதுக்குக் கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மாமனார் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்திருந்த பெண்ணுக்கும் என் கை இறங்குவது தெரிந்திருக்கும், அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது என் முழங்கைக்குக் கீழே ஒரு உள்ளங்கை வந்து தாங்கியது. தூக்கவில்லை, தள்ளவில்லை, இறங்காமல் பார்த்துக்கொண்டது, அவ்வளவுதான். காதோரம் குரல் கேட்டது.

"இதுக்குப் புத்தகத்தில ஒண்ணும் போடலை. நீ கட்டு தம்பி."

கட்டினேன். கல்யாணப் படத்தில் அவர் முகம் விழவில்லை, கஞ்சி போட்ட சட்டைக்கை ஒன்றும் அதற்குள்ளிருந்து ஒரு பெரிய கையும்தான் தெரிகின்றன. படம் பார்க்கிறவர்கள் இது யார் என்று கேட்டால், "எங்க வீட்டு நாத்தனார்," என்று சொல்லி, என் மனைவி அந்தக் கையை முந்தானையால் ஒரு முறை துடைத்து வைப்பாள்.